பெயின்டைப் பார்த்து மிக்சர் வாங்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். தலைப்புச் செய்திக்கு முன்னால் அதைத்தான் புரட்டுவேன். கட்டட வேலை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அதனால் யார் எதை விற்கிறார்கள் என்று ஒரு கண் வைத்திருப்பேன். கொஞ்ச காலமாக அந்தப் பக்கத்தில் ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட கான்கிரீட் மிக்சர்’, ‘புத்தம் புதிது போல் உள்ளது’, ‘எடுத்தவுடன் வேலைக்கு ரெடி’ என்று அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு படம். படத்தில் மிக்சர் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ பளபளவென்று நிற்கும். அந்தப் பளபளப்பை நம்பி வாங்கியவர்கள் சில வாரங்களில் அதை என் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு வரும்படிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

பழைய மிக்சரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிற அளவுக்குக் கெட்டுப்போன மிக்சரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இந்த இயந்திரத்தில் ஒளிந்திருக்கும் சூட்சுமம் எதுவும் கிடையாது. ஒரு டிரம், டிரம்மைச் சுற்றி ரிங் கியர் என்ற பல் வளையம், அதைத் தள்ளப் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், பினியனுக்கு ஒரு ஷாப்ட், ஷாப்டுக்குப் புல்லி, பெல்ட், கடைசியில் மோட்டார் அல்லது என்ஜின். எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. கழற்ற நாலைந்து ஸ்பேனர் போதும். சின்ன மிக்சர்கள் பலவற்றில் ரிங் கியர்கூட ஒரே வளையமாக இல்லாமல் துண்டு துண்டாக போல்ட் போட்டு வருகிறது. பல் உடைந்த துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட ஒன்றைத் தூக்கி எறிவது பாவம். அதைவிடப் பெரிய பாவம், உள்ளே ஒன்றுமே செய்யாமல் மேலே பெயின்ட் அடித்து ‘புதுப்பித்தது’ என்று விற்பது.

வாங்கப் போகிறவர் ஒரு டார்ச் லைட்டும் ஒரு சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போகட்டும். இயந்திரத்தை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கிவிட்டு, முதலில் டிரம்மின் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் டிரம்மை வெளியிலிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வர வேண்டும். வெறும் தகடு ‘டங்’ என்று சொல்லும். உள்ளே கான்கிரீட் இறுகிக் கிடக்கும் இடத்தில் ‘டொக்’ என்று அடங்கிவிடும். அடிப்பக்கம் முழுக்க ‘டொக்’ என்றால் அந்த மிக்சரைப் புதுப்பித்தவர் டிரம்முக்குள் எட்டியே பார்க்கவில்லை என்று அர்த்தம். இறுகிய கான்கிரீட்டின் மேலேயே வெள்ளை பெயின்ட் அடித்திருந்த டிரம் ஒன்று எனக்கு வந்தது. உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் பெயின்டோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அதற்கடியில் இன்னொரு அடுக்கு, அதற்கும் அடியில் இன்னொன்று. ஒவ்வொரு வேலை முடிந்த சாயங்காலமும் கழுவாமல் விட்டதெல்லாம் வரிவரியாகத் தெரிந்தது. பிளேடு எங்கே என்று தேடினால் அது அந்த அடுக்குகளுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,400 கிலோ. அந்தக் கணக்கில் டிரம்முக்குள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 25 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்திருந்தால் 60 கிலோ. ஓர் ஆளை உள்ளே உட்கார வைத்து நாள் முழுக்கச் சுற்றுகிற மாதிரி. மோட்டார் சூடாகிறது, பெல்ட் வழுக்குகிறது, டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்கிறது என்று வருகிற புகார்களில் பாதிக்கு இந்தச் சுமைதான் காரணம். அதோடு டிரம்மின் கொள்ளளவிலும் 25 லிட்டர் போய்விடுகிறது.

அதை எடுக்கிற விதத்தில் என் தொழிலில் இருப்பவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பெரும்பாலானவர்கள் சம்மட்டியை எடுத்து டிரம்மை வெளியிலிருந்து விளாசுகிறார்கள். கான்கிரீட் பெயர்ந்து விழும், நிஜம்தான். கூடவே தகடு ஒடுங்கும், வெல்டிங் தையலில் மயிரிழை விரிசல் விடும். ஒடுங்கிய பள்ளத்தில் அடுத்த கலவை வந்து நன்றாக உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் போகாது. நான் உள்ளிருந்துதான் எடுப்பேன். பெல்ட்டைக் கழற்றி வைத்து, டிரம் அசையாதபடி கட்டை கொடுத்து, வாய் ஓரத்தில் படிவு மெலிதாக இருக்கும் இடத்திலிருந்து உளியைச் சாய்வாகப் பிடித்துத் தொடங்கினால், கான்கிரீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உளி நுழைய ஒரு வழி கிடைக்கும். கிடைத்த பிறகு பத்தை பத்தையாகப் பெயரும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முகமூடி இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. காய்ந்த கான்கிரீட்டை உடைக்கும்போது கிளம்பும் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். வந்த பிறகு அதைக் குணமாக்க மருந்து கிடையாது. தண்ணீர் தெளித்து ஈரப்படுத்திக்கொண்டு உடைப்பது, தூசியை வடிகட்டும் முகமூடி போடுவது, கண்ணாடி அணிவது, இவ்வளவையும் செய்த பிறகுதான் உளியைத் தொட வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது தூசிக்குப் போதாது. கடைசியில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்துக்குக் கொஞ்சம் முனை கூர்மையான ஜல்லியும் தண்ணீரும் போட்டு ஓடவிட்டால் போதும். ஆசிட் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சிமென்டைக் கரைக்கும், இரும்பையும் சேர்த்தே தின்னும், புகை நெஞ்சை எரிக்கும். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

டிரம் சுத்தமான பிறகுதான் பிளேடின் யோக்கியதை தெரியும். மிக்சர் கலக்குவதே இந்த பிளேடால்தான். ஜல்லியையும் மணலையும் மேலே தூக்கிக்கொண்டு போய்க் கீழே போட வேண்டும். விழுகிற வேகத்தில்தான் சிமென்ட் எல்லா இடத்துக்கும் போகும். பிளேடு தேய்ந்து பட்டையாகிவிட்டால் கலவை தூக்கப்படாமல் டிரம்மின் அடியில் வழுக்கிக்கொண்டே கிடக்கும். வெளியே கொட்டும்போது ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் மணல் நிறமாகவும் வந்தால் காரணம் அதுதான். எல்லாம் போட்ட பிறகு குறைந்தது 2 நிமிடமாவது சுற்ற வேண்டும் என்பது கட்டட வேலையில் பொதுவான கணக்கு. தேய்ந்த பிளேடு உள்ள மிக்சரில் 5 நிமிடம் சுற்றினாலும் நிறம் ஒன்றாகாது. தளம் போட்டு முடித்துப் பல வருடம் கழித்து விரிசலைப் பார்த்துக் கொத்தனாரைத் திட்டுகிறோம். மிக்சரை யாரும் நினைப்பதில்லை.

புது பிளேடு கிடைக்காவிட்டால் வெட்டிக்கொள்ளலாம். இருப்பதில் குறைவாகத் தேய்ந்ததைக் கழற்றி, அட்டையில் வைத்து வரைந்து, தேய்ந்துபோன ஓரத்தை யூகித்து நீட்டி, அதே கனமுள்ள தகட்டில் வெட்ட வேண்டும். வடிவத்தைவிட முக்கியம், அது டிரம்மோடு நிற்கும் கோணம். கழற்றும் முன்பே டிரம்மில் சுண்ணக்கட்டியாலோ உளியாலோ கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கோணம் மாறினால் கலவையை உள்ளே தள்ள வேண்டிய பிளேடு வாய்ப் பக்கம் தள்ளத் தொடங்கிவிடும், கூழ் வெளியே தெறிக்கும்.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். டிரம்மில் ஓட்டை அடைக்கவோ பிளேடு ஒட்டவோ வெல்டிங் வைக்கிறபோது, கரன்ட் திரும்பிப் போகிற ஒயரின் கவ்வியான எர்த் கிளாம்ப்பைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில் எங்கேயாவது கடித்து வைத்துவிடுகிறார்கள். கரன்ட் டிரம்மிலிருந்து சட்டத்துக்குப் போக வழி எது? நடுவில் இருக்கும் பேரிங். குண்டுக்கும் அது ஓடும் பாதைக்கும் நடுவே பொறி பறந்து பொடிப்பொடியாகக் குழி விழும். வெல்டிங் அழகாக இருக்கும், பேரிங் சீக்கிரமே கரகரவென்று கத்த ஆரம்பிக்கும், இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தோன்றாது. கிளாம்ப்பை டிரம்மிலேயே, வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே கடிக்க வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

இனி பேரிங்குக்கும் கியருக்கும் வருவோம். பல் உடைந்த ரிங் கியரோடு வருகிறவர்கள் எல்லோரும் ‘கியரை மாற்றிக் கொடுங்கள்’ என்பார்கள். நான் டிரம்மின் வாயை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் பேரிங் போய்விட்டது. பேரிங் தளர்ந்தால் டிரம் தொங்கும். தொங்கினால் ரிங் கியர் பினியனோடு ஒரு பக்கம் நெருக்கியும் இன்னொரு பக்கம் விலகியும் ஓடும். விலகிய இடத்தில் பல்லின் நுனி மட்டும் சுமையைத் தாங்கி முறியும். பேரிங்கை மாற்றாமல் கியரை மட்டும் மாற்றினால் புதுப் பல்லும் அதே மாதிரி முறியும். அதே போல, ரிங் கியர் புதிது போட்டால் பினியனையும் பார்க்க வேண்டும். தேய்ந்த பினியனின் பல் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்து, நுனி கத்தி மாதிரி கூர்மையாகியிருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அதைப் புது வளையத்தோடு ஓட்டினால் வளையத்தை அரம் போட்டு ராவுகிற கதைதான்.

அப்புறம் கிரீஸ். இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். திறந்தபடி ஓடும் ரிங் கியருக்குக் கிரீஸ் வைக்கக் கூடாது என்று பல மிக்சர்களின் கையேட்டிலேயே போட்டிருக்கும். பளபளவென்று புதுப்பித்தவர்கள் முதலில் செய்கிற வேலை அங்கே கிரீஸை அப்புவதுதான். கிரீஸில் மணலும் சிமென்டும் வந்து ஒட்டும்; ஒட்டியதும் அது கிரீஸாக இருக்காது, சாணை பிடிக்கும் பசையாகிவிடும். வார்ப்பிரும்பில் கிராஃபைட் இருப்பதால் மெதுவாகச் சுற்றும் அந்தப் பற்கள் காய்ந்தபடியே ஓடும். பல் இடுக்கில் ஒட்டியதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் போதும். கிரீஸ் போக வேண்டிய இடம் பேரிங். அங்கே கிரீஸ் ஏற்றுவதற்கென்று இருக்கும் நிப்பிள் மேல் பெயின்ட் அடித்து அடைத்திருப்பார்கள். எங்கே வேண்டுமோ அங்கே இல்லை, எங்கே கூடாதோ அங்கே அள்ளி அப்பியிருக்கும்.

மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், டிரம்மில் சுமை இல்லாதபோதும் அப்படியென்றால், சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்டார்ட்டிங் சுவிட்சில் சிமென்ட் தூசி அடைத்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும் என்பதால் தெரிந்தவர்தான் அதைத் தொட வேண்டும். ஈரமும் இரும்பும் கலந்த வேலை இது. எர்த் ஒயர் உயிரோடு இருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் வழியாகத்தான் இணைப்பு வர வேண்டும்.

ஆனால் மோட்டாரை மாற்றுகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,440 சுற்று சுற்றும். சின்ன மிக்சரின் டிரம்முக்குத் தேவை 25 சுற்று அளவுதான். பெல்ட்டிலும் கியரிலும் சேர்த்து 58-க்கு ஒன்றாகக் குறைய வேண்டும். கிடைத்த மோட்டாரைக் கிடைத்த புல்லியோடு மாட்டிவிட்டு, ‘பாருங்கள், எவ்வளவு வேகம்’ என்று காட்டுகிறார்கள். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 50 சுற்றை நெருங்கினால் உள்ளே இருப்பது சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், கீழே விழாது. விழாவிட்டால் கலக்காது. மிக்சரில் வேகம் ஒரு பெருமையே இல்லை. டிரம்மில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினால் விஷயம் வெளியே வந்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது கியர் மூடி இல்லாததைப் பார்க்கும்போதுதான். பினியனும் ரிங் கியரும் சேரும் இடத்தை மறைக்க ஒரு தகட்டு மூடி இருக்கும். சுத்தம் செய்யக் கழற்றுவார்கள், திரும்ப மாட்ட மாட்டார்கள், அப்புறம் அது மூலையில் கிடந்து துருப்பிடித்துத் தொலைந்துபோகும். ‘மெதுவாகத்தானே சுற்றுகிறது’ என்பார்கள். 75 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரிங் கியர் நிமிடத்துக்கு 25 சுற்று சுற்றினால் அதன் பல் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் நகர்கிறது. தளர்ந்த சட்டைக் கை ஒன்று அதில் மாட்டினால் சுவிட்ச் எங்கே என்று நினைப்பதற்குள் கை போய்விடும். பக்கத்தில் நின்று மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறவர் இந்த மிக்சரை வாங்கியவரும் இல்லை, விற்றவரும் இல்லை; அன்றைய கூலிக்கு வந்தவர். மூடியை இரும்புத் தகட்டில் வளைத்து நாலு போல்ட் வைத்து மாட்ட அரை நாள் வேலைகூட இல்லை. அது இல்லாமல் என் பட்டறையிலிருந்து எந்த மிக்சரையும் வெளியே விடுவதில்லை. ‘எனக்கு வேண்டாம், அந்தக் கூலியைக் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டவர்களிடம், வேறு பட்டறை பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, பெயின்ட். நான் அதற்கு விரோதி இல்லை. துரு பிடிக்காமல் காக்க வேண்டும், யார் மறுப்பார்கள்? ஆனால் அது கடைசி வேலை. மிகப் பழைய இயந்திரம் என்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்; அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூளாக்குவதும் நெருப்பு காட்டிச் சுடுவதும் கூடாது. ஈரமாகத் தேய்க்கலாம். தளர்ந்த துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்து, காய்ந்த பிறகு எனாமல். டிரம்முக்குள் பெயின்டே வேண்டாம். முதல் லோடிலேயே ஜல்லி அதைச் சுரண்டிக் கலவையில் சேர்த்துவிடும். சும்மா நிற்கப் போகிற மிக்சர் என்றால் மெலிதாக எண்ணெய் துடைத்து வைத்தால் போதும். இயந்திரத்தின் விவரத் தகட்டின் மேலும் தயவுசெய்து அடிக்காதீர்கள். அதில் 10/7 என்று போட்டிருந்தால், 10 கன அடி உலர்ந்த சரக்கைப் போட்டால் 7 கன அடி ஈரக் கலவை வரும் என்று பொருள். ஜல்லியின் இடைவெளிகளை மணலும் சிமென்டும் நிரப்பிவிடுவதால் அளவு சுருங்குகிறது. லிட்டரில் சொன்னால் 283 போட்டு 198 எடுப்பது. இந்தக் கணக்குத் தெரியாமல், 10 கன அடி கான்கிரீட் தரும் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பழைய மிக்சர் விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் வெளித்தோற்றப் படத்துக்குப் பதிலாக இரண்டு படம் கேளுங்கள்: டிரம்மின் வாய்க்குள் பிளேடு தெரிகிற மாதிரி ஒன்று, கியர் மூடி மாட்டியிருப்பது தெரிகிற மாதிரி ஒன்று. உண்மையாகவே வேலை செய்து புதுப்பித்தவருக்கு இதைக் கொடுப்பதில் கஷ்டமே இருக்காது, சந்தோஷமாகவே அனுப்புவார். அனுப்பத் தயங்குகிறவரின் விளம்பரத்தைப் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. படம் இல்லாமல் வெறும் எழுத்து விளம்பரம் என்றால், ‘பிளேடு மாற்றியது, பேரிங் மாற்றியது, மூடி உண்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘புது பெயின்ட்’ என்ற இரண்டு சொல்லுக்குக் கொடுக்கிற காசில் அதில் ஒன்றையாவது எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
மிக்சர் பழுது பார்க்கும் ஃபிட்டர் ஒருவர்

பி.கு.: கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் டீசல் என்ஜின் மிக்சரை வாங்குகிறவர்களுக்கு மட்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடிக்காதீர்கள். என்ஜின் சில நேரம் பின்னால் உதைக்கும். விரல்கள் ஒரே பக்கம் இருந்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிவிடும், வளைத்துப் பிடித்திருந்தால் கட்டை விரலோ மணிக்கட்டோ முறியும். விற்கிறவர் ஸ்டார்ட் செய்து காட்டும்போது அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். அந்த இயந்திரத்தோடு அவருக்கு எவ்வளவு பழக்கம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.